கடலூர்–புதுச்சேரி ரூட்: ஆள் ஏறாத ட்ரிப்புக்கு யார் காசு கொடுப்பது?

கெடிலக்கரை:

பகலில் இந்த ரூட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. காலை எட்டு மணிக்குக் கடலூர் ஆல்பேட்டையில் நின்றால் தனியார் வண்டியும் விழுப்புரம் கோட்டத்து அரசு வண்டியும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். ராத்திரி ஒன்பதரை தாண்டட்டும், நிலவரமே வேறு. சென்னையிலிருந்து சிதம்பரம், நாகப்பட்டினம் போகிற தூர வண்டிகள் நம்மைக் கடந்து போகும். தவளக்குப்பத்திலும் கன்னியக்கோயிலிலும் கை காட்டினால் நிற்காது. ரயிலும் கிடையாது. புதுச்சேரிக்கு 1879-லேயே ரயில் வந்துவிட்டது, ஆனால் விழுப்புரம் வழியாகத்தான். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு வரவேண்டிய பாதை அனுமதி கிடைத்தும் எத்தனையோ ஆண்டாகக் காகிதத்திலேயே கிடக்கிறது. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ரெண்டு ஊர், நடுவில் பஸ்ஸை விட்டால் வேறு கதி இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை யார் ஓட்டினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் டிக்கெட் வருமானத்தை மட்டும் நம்பி ஓட்டச் சொன்னால் கூட்டம் உள்ள நேரத்தில்தான் வண்டி ஓடும். ரெண்டு அரசும் சேர்ந்து இந்த ரூட்டுக்கு ஒரே கால அட்டவணை போடட்டும். அட்டவணைப்படி ஓடின கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கட்டும். கலெக்‌ஷன் முழுக்க அரசு கணக்குக்குப் போகட்டும். சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025-ல் மின்சார பஸ் விட்டபோது இந்த முறையில்தான் விட்டது. வண்டியும் டிரைவரும் கம்பெனியுடையது, கண்டக்டர் கழகத்து ஆள், கம்பெனிக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம். அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

ஸ்பேர் பஸ்:

அண்ணே, எங்க குடும்பம் பஸ் வச்சிருக்கிற குடும்பம். அதனால கணக்கோடயே பேசுறேன்.

தமிழ்நாட்டுப் பகுதியில புறநகர் சாதாரண வண்டிக்கு 2018 ஜனவரி 20-ல கிலோமீட்டருக்கு 42 பைசாவை 60 ஆக்கினாங்க. ஜனம் ரோட்டுக்கு வந்துச்சு. 29-ம் தேதியே 58 பைசாவுக்கு இறக்கினாங்க. அந்த 58-ஐயே வச்சுக்குவோம். 50 சீட்டும் நிரம்பினா கிலோமீட்டருக்கு 29 ரூபா வரும். டீசல் லிட்டர் 90 ரூபான்னு முழுசாப் போடுறேன். லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் கிடைச்சா டீசலுக்கு மட்டும் 18 ரூபா. மிச்சம் 11 ரூபா. டிரைவர், கண்டக்டர் சம்பளம், டயர், சீட்டுக்கு இவ்வளவுன்னு மூணு மாசத்துக்கு ஒருக்கா கட்டுற வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலை, பைனான்ஸ் தவணை எல்லாம் அந்த 11-க்குள்ள. நின்னுக்கிட்டு வர்ற கூட்டம் இருக்கிறதாலதான் காலை ட்ரிப் கட்டுப்படியாகுது.

இப்ப ராத்திரி ட்ரிப்புக்கு வாங்க. 12 பேர் ஏறினா கிலோமீட்டருக்கு ஏழு ரூபா. டீசலுக்கே 11 ரூபா குறையுது. 22 கிலோமீட்டருக்கு 240 ரூபா சொச்சம் கையிலிருந்து போடணும், சம்பளம் தனி. கட்டணத்தை நாங்க வைக்கிறது இல்ல, அரசாங்கம் வைக்குது. நஷ்டத்தை மட்டும் நாங்க சுமக்கணுமா? இந்த ரூட்டைப் பெத்து வளர்த்தவங்க தனியார் முதலாளிங்க. இன்னைக்கும் காலைக் கூட்டத்தைச் சுமக்கிறதுல பெரும்பங்கு நாங்கதான்.

பழைய இன்வாய்ஸ்:

தம்பி போட்ட கணக்கில் தப்பில்லை. ஆனால் அது ட்ரிப் கணக்கு, பர்மிட் கணக்கு இல்லை. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

பர்மிட் என்பது அரசாங்கம் ஐந்து வருஷத்துக்குக் கொடுக்கிற அனுமதி. யார் வேண்டுமானாலும் நாளைக்கு ஒரு பஸ் வாங்கி உங்கள் டைமில் ஓட்ட முடியாது. காலை எட்டேகால் டைம் உங்களுக்கு என்றால் அந்தக் கூட்டம் உங்களுக்கு. அந்தப் பாதுகாப்புக்குப் பதிலாகத்தான் விடியற்காலை டைமும் கடைசி டைமும் அதே பர்மிட்டில் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. ராத்திரி ட்ரிப்பை வெட்டிவிட்டு வண்டியை ஷெட்டில் போடுகிறவர், காலை டைமையும் திருப்பிக் கொடுப்பாரா? அது மட்டும் நடக்காது.

இன்னொன்று. டிக்கெட் மெஷின் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் நம்பரை இன்வாய்ஸ் என்கிற ட்ரிப் தாளில் ஏற்ற வேண்டும். முதலியார்பேட்டைக்கு ஒரு நம்பர், அரியாங்குப்பத்துக்கு ஒரு நம்பர். கடைசி ட்ரிப் தாளை எடுத்துப் பார்த்தால் தவளக்குப்பத்திலிருந்து பெண்ணையாற்றுப் பாலம் வரை ஒரே நம்பர் வரிசையாக இறங்கியிருக்கும். வழியில் ஒருவரும் ஏறவில்லை என்று அர்த்தம். கிளை மேலாளர் அதைப் பார்த்துவிட்டு ட்ரிப்பை வெட்டலாம் என்று எழுதுவார். ஆனால் புதுச்சேரி ஸ்டாண்டில் ஏறி வழிநெடுக இறங்கின பத்துப் பேர் யார்? காலையில் இதே ரூட்டில் டிக்கெட் எடுத்துப் போனவர்கள். திரும்பி வர வண்டி உண்டு என்கிற தைரியத்தில்தான் காலையில் பஸ் ஏறினார்கள். கடைசி வண்டியை நிறுத்துங்கள், ஆறு மாசத்தில் அந்தப் பத்துப் பேரும் தவணையில் டூவீலர் வாங்கிவிடுவார்கள். காலை டிக்கெட்டும் சேர்ந்து போகும். இன்வாய்ஸில் இது எந்தக் கட்டத்திலும் வராது.

வரி கட்டுறவன்:

எல்லாரும் காசு கொடுக்கலாம் என்கிறீர்கள். எந்தக் காசு? 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் விடியல் பயணம் என்கிற மகளிர் இலவசப் பயணத்துக்கு 3,600 கோடி, மாணவர் சலுகைக்கு 1,782 கோடி, டீசல் மானியம் 1,857 கோடி. கூட்டினால் 7,239 கோடி. 2021-ல் அந்த இலவசப் பயணம் தொடங்கியபோது ஒதுக்கியது 1,200 கோடி. இவ்வளவு போயும், ஓய்வு பெற்ற ஊழியர்களின் அகவிலைப்படி நிலுவைக்காக 2024 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அப்படியானால் காசு பற்றாக்குறை மட்டும் நோய் இல்லை. எந்த ரூட்டுக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு என்று பொதுமக்கள் பார்க்கிற மாதிரி ஒரு தாள் வெளியிடுங்கள். அதற்குப் பிறகு மானியம் பற்றிப் பேசலாம்.

புதுச்சேரி பக்கம் இதைவிட நெருக்கடி. யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய நிதிக்குழு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பங்கு அதற்குக் கிடையாது. மத்திய அரசு கொடுக்கிற மானியத்தை எதிர்பார்த்து நிற்கிற அரசு. அந்தப் பணத்தில்தான் காரைக்காலுக்கும் மாகேக்கும் ஏனாமுக்கும் பி.ஆர்.டி.சி. (புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகம்) வண்டி ஓட வேண்டும். அவர்களைப் போய்க் கடலூர்க்காரனின் ராத்திரி ட்ரிப்புக்குக் கையெழுத்துப் போடச் சொல்வது நடக்கிற காரியமா?

ரெட்டிச்சாவடி செல்வி:

கடலூர்க்காரன், புதுச்சேரிக்காரன்னு பிரிச்சுப் பேசாதீங்க சார். எங்க ஊர்ப் பக்கம் முள்ளோடையைத் தாண்டினா புதுச்சேரி, இந்தப் பக்கம் தமிழ்நாடு. புதுச்சேரிக்குள்ள இருக்கிற பாகூர் பக்கத்து ஆளுக்குக் கடலூர்தான் கிட்ட. கடலூர் மாவட்டத்துல பாதிப் பேருக்குப் பெரிய நோவுன்னா புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிதான். விடிய நாலரைக்குக் கிளம்பினாத்தான் அங்க ஓ.பி. சீட்டுக்கு வரிசையில நிக்க முடியும்.

நான் கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில வார்டு வேலை பார்க்கிறேன். மாலை ஷிப்ட் முடிச்சு மாத்து ஆளுகிட்ட ஒப்படைச்சுட்டு ரோட்டுக்கு வர்றதுக்குள்ள ஒன்பதரை ஆயிடும். ஸ்டாப்புல லைட்டு எரியிற அன்னைக்கு டிரைவர் கண்ணுக்குத் தெரிவோம். எரியாத அன்னைக்கு செல்போன் டார்ச்சை ஆட்டணும். எங்கூட வேலை பார்க்கிற பொண்ணு ஒருநாள் அப்படி ஆட்டிக்கிட்டே நின்னா, ஒரு பஸ் வேகத்தைக் குறைச்சு, ரெண்டே பேருதான்னு பார்த்துட்டு கிளம்பிருச்சு. ஷேர் ஆட்டோக்காரர் அந்த நேரத்துல ஆள் சேர்ந்தாத்தான் எடுப்பாரு, இல்லேன்னா ஆட்டோ முழுக்க வாடகை. அன்னைக்குச் சம்பளத்துல பாதி அதுக்கே போயிடும்.

இலவசத்தைப் பத்திச் சொன்னீங்களே, அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். நான் தெற்கே கடலூருக்கு டவுன் பஸ்ஸுல போனா டிக்கெட் கிடையாது. வேலைக்கு வடக்கே புதுச்சேரி பஸ்ஸுல போனா முழு டிக்கெட். அதுக்காக நான் கோபப்படல. காசு கொடுத்தே வர்றேன், வண்டி வரட்டும்னுதான் கேக்குறேன்.

லப்போர்த் வீதி:

செல்வி அக்கா சொல்வது இந்த ரூட்டின் உண்மையான கூட்டம். ஆஸ்பத்திரி, கல்லூரி, ஓட்டல், தொழிற்பேட்டை. இவர்கள் நேரத்துக்கு வேலைக்கு வந்தால் லாபம் அடைகிறவர் முதலாளி. அப்படியானால் பஸ் செலவில் முதலாளிக்கும் பங்கு வேண்டாமா?

எங்கள் அண்ணன் குடும்பம் பிரான்சில் இருக்கிறது, நம்ம ஊரில் இப்படிப் பல வீடுகள் உண்டு. அங்கே 1971-ல் பாரிஸ் வட்டாரத்தில் ஒரு வரி கொண்டுவந்தார்கள். அடுத்த சில வருஷத்தில் மற்ற நகரங்களுக்கும் போனது. இன்றைக்கு 11 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கிற நிறுவனம், கொடுக்கிற சம்பளத்தில் ஒரு சதவீதக் கணக்கைப் போக்குவரத்துக்கென்று கட்ட வேண்டும். அந்தப் பணம் அரசின் பொதுக் கஜானாவில் கலப்பதில்லை. அந்த வட்டாரப் போக்குவரத்து அமைப்புக்கு நேராகப் போகும். டன்கர்க் என்கிற துறைமுக ஊரில் 2018 செப்டம்பரிலிருந்து எல்லாருக்கும் எல்லா நாளும் டவுன் பஸ் இலவசம். அது சாத்தியமானதற்கு இந்த வரி ஒரு பெரிய காரணம். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டிலும் இருந்து இப்படி ஒரு நிதி திரட்டினால் யாருடைய பட்ஜெட்டையும் எதிர்பார்க்க வேண்டாம்.

வரி கட்டுறவன்:

கேட்க நன்றாக இருக்கிறது, சட்டத்தில் இடம் இல்லை. வேலை செய்கிறவர்மேல் மாநிலம் போடக்கூடியது தொழில் வரி. அரசியலமைப்பின் 276-வது பிரிவு அதற்கு ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறது. அந்த வரம்புக்குள் ஏற்கெனவே உள்ளாட்சிக்குப் போவதைப் பிடுங்கி பஸ்ஸுக்குக் கொடுத்தால் சாக்கடையும் தெருவிளக்கும் யார் பார்ப்பது? பெரிய கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குச் சொந்த பஸ் விடுகின்றன. அவர்களிடம் போய் இதற்கும் கட்டு என்றால் முதல் வேலையாக அந்த பஸ்ஸை நிறுத்துவார்கள்.

நான் மானியமே கூடாது என்கிறவன் இல்லை. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஏலத்தில் கொடுங்கள் என்கிறேன். புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு 2017 ஆகஸ்டில் ஹைதராபாத் விமானம், சின்ன ஊர்களுக்கு விமானம் விடுகிற உடான் திட்டத்தில் வந்தது ஞாபகம் இருக்கும். அந்தத் திட்டத்தில் பாதி சீட்டுக்குக் கட்டண வரம்பு, அதனால் விழும் பள்ளத்துக்கு அரசு பணம். ஒரே பாதைக்கு யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவருக்கு அந்தப் பாதை. பத்து மணி ட்ரிப்பையும் நாலரை மணி ட்ரிப்பையும் இதே மாதிரி ஏலம் விடுங்கள். எனக்கு 240 வேண்டும் என்று ஒருவர் கேட்பார், 180 போதும் என்று இன்னொருவர் கேட்பார். என் வரிப்பணம் எந்த ட்ரிப்புக்குப் போகிறது என்று எனக்கும் தெரியும்.

கெடிலக்கரை:

விமானத்துக்கு அந்த ஏற்பாடு செய்தார்களே, அதே நியாயம் பஸ்ஸுக்கும் வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் ராத்திரி ட்ரிப்பை மட்டும் தனியாக அறுத்து ஏலம் விட்டால் பகல் லாபம் முழுக்க ஓனருக்கு, ராத்திரி நஷ்டம் முழுக்க அரசுக்கு. பெரியவர் சொன்ன பர்மிட் நியாயம் அங்கே அடிபட்டுப் போகும். அதனால்தான் ரூட்டை முழுசாக ஒரே கணக்கில் வைக்கச் சொல்கிறேன். காலை வண்டியில் மிஞ்சுவது ராத்திரி வண்டிக்குப் போகும், துண்டு விழுகிற மிச்சத்தை மட்டும் ரெண்டு அரசும் பகிர்ந்தால் போதும்.

கழகங்களின் நஷ்டம் பற்றியும் ஒரு விஷயம். கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் போக்குவரத்துக் கழகம், சாலைப் போக்குவரத்துக் கழகங்களுக்கென்றே வந்த 1950-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு. தமிழ்நாட்டின் எட்டுக் கழகங்களும் கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகள். பி.ஆர்.டி.சி.யும் அப்படித்தான். ஒரு கம்பெனிக்குக் கட்டணத்தை அரசு வைக்கிறது, எங்கே ஓட வேண்டும் என்று அரசு சொல்கிறது, யாருக்குச் சலுகை என்று அரசு அறிவிக்கிறது. வருஷக் கடைசியில் நஷ்டம் என்று வந்தால் அது கழகத்து நிர்வாகத்தின் தலையில். 2022 மார்ச்சில் மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு டீசல் விலையை லிட்டருக்குச் சுமார் 25 ரூபாய் ஏற்றினார்கள். அரசு பஸ்களெல்லாம் ரோட்டோர பங்கில் போய் வரிசையில் நின்று டீசல் பிடித்தன. டிப்போவுக்குள் சொந்த பங்க் இருந்தும் வெளியே போய் நின்றால் வண்டி நேரமும் போச்சு, ஆள் நேரமும் போச்சு. அதில் எந்தக் கிளை மேலாளருடைய குற்றம் இருக்கிறது?

ஸ்பேர் பஸ்:

அண்ணே, கிலோமீட்டர் கணக்குல காசுன்னா முதல்ல கைதட்டுறவன் நானா இருப்பேன், மாசம் பொறந்தா அஞ்சாம் தேதி பணம் வரும்னா. வராது. அதுதான் என் பயம்.

நானா கற்பனை பண்ணிச் சொல்லல. 2023 ஆகஸ்டுல மத்திய அரசு 10,000 மின்சார பஸ்ஸுக்குன்னு பி.எம். இ-பஸ் சேவா திட்டம் கொண்டுவந்துச்சு. மொத்த மதிப்பு 57,613 கோடி, மத்திய அரசு பங்கு 20,000 கோடி. அதுவும் கிலோமீட்டர் கணக்குத்தான். அடுத்த வருஷமே 3,435 கோடியில தனியா ஒரு பணப் பாதுகாப்பு நிதி அறிவிச்சாங்க. எதுக்கு? கழகம் பஸ் கம்பெனிக்குக் காசு கொடுக்காம இழுத்தடிச்சா அந்த நிதியிலிருந்து முதல்ல கொடுத்துட்டு, அப்புறம் ரிசர்வ் வங்கியில இருக்கிற மாநிலக் கணக்குல பிடிச்சுக்கிறதுக்கு. அரசாங்கக் கழகம் சொன்ன தேதியில பணம் கொடுக்காதுங்கிறதை அரசாங்கமே ஒத்துக்கிட்டு ஏற்பாடு பண்ணின மாதிரிதானே? அந்தப் பாதுகாப்பு பெரிய மின்சார பஸ் கம்பெனிக்கு. ஒரு வண்டி, ரெண்டு வண்டி வச்சிருக்கிற எங்களுக்கு யாரு இருக்கா? ரெண்டு மாசம் பணம் நின்னா பைனான்ஸ்காரன் வீட்டு வாசல்ல நிப்பான். கலெக்‌ஷன்னா அன்னைக்கு ராத்திரியே பை கைக்கு வந்துரும். டீசல் போட்டுட்டு மறுநாள் வண்டி எடுக்கலாம்.

பழைய இன்வாய்ஸ்:

தம்பி சொல்கிற பயம் நியாயமான பயம். ஆனால் அந்தப் பை என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தனியார் வண்டி டிரைவர், கண்டக்டர் நிறையப் பேருக்குச் சம்பளம் கொஞ்சம், பேட்டா கலெக்‌ஷனைப் பொறுத்து. முன்னால் போகிற வண்டி ஸ்டாப்பில் ஆள் பொறுக்கிவிட்டால் பின்னால் வருகிறவனுக்கு அன்றைக்குப் பேட்டா குறையும். அதனால்தான் புதுச்சேரி ஸ்டாண்டில் டைம் கீப்பரைச் சுற்றி ரெண்டு நிமிஷத்துக்கு அத்தனை சண்டை. ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் மரப்பாலம் வரை ஊர்வார்கள். பின்வண்டி கண்ணாடியில் தெரிந்ததும் அரியாங்குப்பம் கடைத்தெருவுக்குள் என்ன வேகத்தில் மிதிப்பார்கள் என்று அந்தத் தெருவில் கடை வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள். டிரைவர் கெட்டவன் இல்லை. சம்பளம் கொடுக்கிற முறை அவனை அப்படி ஓட்ட வைக்கிறது. செல்வியோடு வேலை பார்க்கிற பெண் ஆட்டின டார்ச்சைப் பார்த்தும் நிற்காமல் போனதற்கும், எட்டு மணிக்கு ஒரே ஸ்டாப்பில் மூணு வண்டி நின்று ஆளை இழுப்பதற்கும் காரணம் ஒன்றுதான். கிலோமீட்டருக்குக் காசு என்றால் பின்வண்டியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

ஆனால் கெடிலக்கரை சாரோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. நீங்கள் சொல்கிற சென்னை முறையில் டிரைவர் கம்பெனி ஆள், ஒப்பந்தத் தொழிலாளி. பணி நிரந்தரம் கேட்டு பி.ஆர்.டி.சி. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பட்டபாடு புதுச்சேரி முழுக்கத் தெரியும். கிலோமீட்டர் ரேட் குறைவாக இருக்க வேண்டும் என்று டெண்டர் விட்டால், கம்பெனி முதலில் கை வைப்பது டிரைவர் சம்பளத்தில். பதினாறு மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்கிறவனிடம் உங்கள் குழந்தையை அனுப்புவீர்களா? எட்டு மணி நேர வேலை, பி.எஃப்., வார ஓய்வு, இவை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அந்த ஒப்பந்தமே வேண்டாம்.

லப்போர்த் வீதி:

ஐயா சொன்னதை டெண்டரின் முதல் நிபந்தனையாகவே போடலாம். ஒப்பந்தக்காரர் மாறினாலும் டிரைவருக்கு வேலையும் சம்பளமும் தொடர வேண்டும் என்று சேர்த்து எழுதலாம். வரி பற்றி: 276-வது பிரிவு வழியில் முடியாது என்றால் சாலை வரி இருக்கிறது. கார் பதிவு செய்யும்போது கட்டுகிற வரியில் ஒரு பங்கை வட்டாரப் போக்குவரத்து நிதி என்று தனியாக ஒதுக்க யார் குறுக்கே நிற்கப் போகிறார்கள்? நகரங்களுக்குத் தனிப் போக்குவரத்து நிதி வேண்டும் என்று 2006-ம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே சொல்லியிருக்கிறது. புதிதாக யோசிக்க வேண்டியதில்லை, எழுதி வைத்ததைச் செய்தால் போதும். விலை குறைவு என்று எல்லையைத் தாண்டி வந்து புதுச்சேரி பங்குகளில் பெட்ரோல் போடுகிற வண்டிகள் எத்தனை என்று முள்ளோடைக்காரர்களுக்குத் தெரியும். அந்த விற்பனை வரியிலும் இந்த ரூட்டுக்கு உரிமை உண்டு என்று நான் வாதாடுவேன்.

வரி கட்டுறவன்:

சாலை வரியில் பங்கு என்பதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அந்த நிதியிலிருந்து கிலோமீட்டர் காசு வாங்குகிறவர் தனியாரோ, விழுப்புரம் கழகமோ, பி.ஆர்.டி.சி.யோ, எல்லாருக்கும் ஒரே ரேட், ஒரே அபராதம். ட்ரிப் வெட்டினால் அன்றைய பணம் கட். ஸ்டாப்பில் நிற்காமல் போனால் அபராதம். ஜி.பி.எஸ். பதிவு பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்க வேண்டும். அரசு வண்டி என்றால் மன்னிப்பு, தனியார் என்றால் தண்டனை என்று ஆரம்பித்தால் ரெண்டு வருஷத்தில் இதுவும் இன்னொரு நஷ்டக் கணக்காகிவிடும்.

ரெட்டிச்சாவடி செல்வி:

ஜி.பி.எஸ். வைங்க, ஸ்டாப்புல லைட்டும் போடுங்க. லைட்டு கம்பம் பஞ்சாயத்தோடது, ரோடு ஹைவேஸோடது, பஸ் இன்னொருத்தரோடதுன்னு சொல்லியே எங்களை இருட்டுல நிக்க வச்சிருக்காங்க. அந்த நிதியில முதல் செலவா ஸ்டாப்பை எழுதுங்க.

கெடிலக்கரை:

வழிமுறையைப் பார்ப்போம். ஒரு மாநிலத்து பர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல, மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 88-வது பிரிவுப்படி அந்த அடுத்த மாநிலத்துப் போக்குவரத்து அதிகாரத்தின் மேலொப்பம் வேண்டும். ரெண்டு அரசுக்கும் ஒப்பந்தம் இருந்தால் அதன்படி அந்த மேலொப்பம் கிடைக்கும். எத்தனை பர்மிட் என்று நிர்ணயிக்கிற ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் ரெண்டு அரசும் அதன் வரைவை அரசிதழிலும் வட்டார மொழிப் பத்திரிகையிலும் வெளியிட வேண்டும். மக்கள் கருத்துச் சொல்லக் கடைசித் தேதியையும், அரசிதழில் வந்து குறைந்தது 30 நாள் கழித்து எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்த அதிகாரி விசாரிப்பார் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது. வழக்கமாக அந்த விசாரணைக்குப் போகிறவர்கள் பஸ் முதலாளிகளும் கழகத்து அதிகாரிகளும்தான். பயணிகள் போய் நின்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்லி ரெண்டு போக்குவரத்துத் துறைக்கும் மனு எழுதுகிறேன். பர்மிட் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் முதல் வண்டி, கடைசி வண்டி நேரத்தையும், நிற்க வேண்டிய ஸ்டாப் பட்டியலையும் அதில் சேர்க்கச் சொல்லலாம். நஷ்டப் பங்கு, அந்தந்த எல்லைக்குள் ஓடுகிற கிலோமீட்டர் விகிதத்தில். தூரத்தில் பெரும்பகுதி புதுச்சேரிக்குள் வருவதால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பாகூர் கொம்யூன் மக்களும் இதே வண்டியில்தான் வருகிறார்கள் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். செல்வி அக்கா, உங்கள் ஷிப்ட் நேரங்களை, மற்ற ஆஸ்பத்திரி ஆட்களிடமும் கேட்டு, இங்கே எழுதுங்கள். அட்டவணையை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பழைய இன்வாய்ஸ்:

விடியற்காலை ஜிப்மர் ட்ரிப்பை மறந்துவிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டோடு முடிக்காமல் ஜிப்மர் இருக்கிற கோரிமேடு வரை போகிற மாதிரி எழுதுங்கள். நோயாளியை ஸ்டாண்டில் இறக்கி டெம்போ தேட விடக்கூடாது. எட்டு மணி நேர வேலை ஷரத்தை நானே எழுதித் தருகிறேன்.

ஸ்பேர் பஸ்:

அந்த மனுவுல என் பேரையும் போடுங்க அண்ணே, ராத்திரி ட்ரிப்பையும் எடுத்துக்கிறேன். ஆனா ரெண்டு ஷரத்து வேணும். ரெண்டு மாசக் கிலோமீட்டர் பணம் முன்கூட்டியே வங்கியில தனிக் கணக்குல கிடக்கணும், அரசாங்கம் வேற செலவுக்கு அதைத் தொடக் கூடாது. டீசல் விலை ஏறினா ரேட்டும் தானா ஏறணும், 2018-ல வச்ச கட்டணம் மாதிரி வருஷக்கணக்குல அப்படியே நிக்கக் கூடாது. இது ரெண்டும் இல்லாம மனு போச்சுன்னா, அரசிதழ்ல வரைவு வந்த மறுநாளே நான் ஆட்சேபணை கொடுப்பேன். விசாரணைக்கு நேர்லயும் வருவேன்.